வேலிக்கு மேலே ஒரு வட்டம்
விமானத் திடலின் வேலிக்கு இப்பால் ஐவி துணி உலர்த்துகிறாள். விமானச் சத்தம் பற்றிப் பதினோரு வருடமாக அவள் எழுதிய புகார்களை அடுக்கினால், பக்கத்தில் நகரசபைக் கட்டடம் குட்டையாகத் தெரியும். திங்கட்கிழமை நகரசபை அவள் பக்கம் சாய்ந்தால், சாகச விமானி க்ளெம் தன் சிவப்பு விமானத்தில் குட்டிக்கரணம் அடிக்க மலைக்கு அப்பால் போகவேண்டியதுதான். ஆகவே தொப்பியைக் கையில் பிடித்தபடி வேலியோரம் நிற்கிறான். “புகாரை வாபஸ் வாங்கிக்குங்க, தாயே.” ஐவி நோட்டைப் புரட்டுகிறாள். “காலைல பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். காது கிழியுது. அடிச்ச வட்டமும் முட்டை மாதிரி.” க்ளெமின் முகம் தொங்கிப்போகிறது. “மேலயா சப்பை, கீழயா?” “மேல. உருண்டையா ஒண்ணு போட்டுக் காட்டு, வாபஸ் வாங்கிக்கறேன்.” அவன் ஓடுகிறான். கொட்டகைத் தகரம் அதிர, கொடியில் போர்வைகள் நடுங்க, யூகலிப்டஸ் மரத்துப் பறவைகளெல்லாம் அடுத்த மாநிலத்துக்கே கிளம்ப, விமானம் நீலத்தில் ஏறித் தலைகீழாகி, வெள்ளைப் புகையில் ஒரு வட்டம் கீறி, தொடங்கிய இடத்திலேயே முடிக்கிறது. காம்பஸ் வைத்தாலும் அப்படி வராது. வாயில் கவ்விய கிளிப்பை எடுக்கவும் மறந்து ஐவி அண்ணாந்து நிற்கிறாள். இறங்கியவன் மூச்சிரைக்க வேலிக்கு வருகிறான். “எப்படி?” ஐவி நிதானமாகக் கிளிப்பை எடுக்கிறாள். “கீழ கொஞ்சம் சப்பை. இன்னொண்ணு போடு.”