சீசரின் பிஸ்கட்

டாக்டர் சீசரின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நெஞ்சு படபடத்தது என்னவோ ருக்குமணிக்குத்தான்.

நாயைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். அவள் பிடித்தால்தான் அந்த அல்சேஷன் அடங்கும். வளர்க்கும் சுப்புலட்சுமி அம்மா வராண்டா கதவைத் தாண்டி வரவில்லை.

ருக்குமணி வடக்குத்து கிராமத்திலிருந்து நடந்தே வந்து இந்த குவார்ட்டர்ஸில் வேலை செய்பவள். வரும் வழியில் வேலியோரம் பறித்த கீழாநெல்லி முந்தானையில் முடிச்சாகக் கிடந்தது. சீக்கிரம் விட்டால் வீட்டுக்குப் போய் மகளுக்கு அரைத்துக் கொடுத்துவிடலாம். இந்த டாக்டர் இன்றைக்குப் பார்த்தா ஊசி போட வந்து தொலைக்க வேண்டும்?

வந்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. மாட்டின் வாயை மோந்து பார்த்தே நேற்று என்ன தின்றது என்று வைத்திலிங்கம் டாக்டர் சொல்லிவிடுவார் என்று பேச்சு. இப்போது சீசரின் வாயை மோந்துகொண்டிருந்தார்.

கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் மணக்காமலா இருக்கும்? ஒழிந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷமாக சீசர் தின்பது அவள் தூக்குவாளியில் கொண்டுவரும் சாப்பாட்டை. டப்பாவில் இருக்கும் பிஸ்கட் அதன் வாய்க்குப் போவதே இல்லை. தெரிந்தால் இந்த வீட்டில் மட்டுமல்ல, இந்த பிளாக்கிலேயே ஒருவரும் அவளை வாசல் ஏற விடமாட்டார்கள்.

ஏழு வயது நாய்க்குப் பல்லும் ரோமமும் இப்படி இருக்கிறதே, என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"மெட்ராஸ்ல இருந்து வர்ற பிஸ்கட்தான் டாக்டர். பால், முட்டை, ஈரல் எல்லாம் போட்டது. வேற எதையும் சீந்தாது" என்றாள் சுப்புலட்சுமி. சொல்லும்போதே முகத்தில் பூரிப்பு.

பால், முட்டை, ஈரல். இரண்டு வருஷத்துக்கு முன் பெருக்கிக்கொண்டிருந்தபோது இதே பேச்சு ருக்குமணியின் காதில் விழுந்தது. அன்றிலிருந்துதான் அவளுக்கு அந்த டப்பாவின் மேல் கண்.

சீசர் அவள் கையை ஆசையாக நக்கியது. சனியன், காட்டிக்கொடுத்துவிடும்போல் இருக்கிறதே.

டாக்டர் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு பிஸ்கட்டை உடைத்து மோந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இதே பிஸ்கட்டைத் தின்ற இரண்டு நாய்கள் இந்த மாதம் செத்தனவாம். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை அரைத்துச் சேர்த்திருக்கிறார்களாம்.

"உடனே ஒண்ணும் தெரியாதும்மா. வருஷக்கணக்கா உள்ளுக்குள்ளயே ஈரலை அரிச்சுகினு இருக்கும். கடைசியிலதான் கண்ணு மஞ்சளாவும். உங்க நாயி எப்படித் தப்பிச்சுதுன்னே புரியலை."

சுப்புலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லாம் திருச்செந்தூர் முருகன் செயல் என்றாள். டாக்டர் சீசருக்கு ஊசியைப் போட்டு முடித்துப் பையை மூடினார்.

யாரும் ருக்குமணியின் பக்கம் திரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், தப்பித்துவிடலாம்.

அவள் நாயை விட்டுவிட்டு முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அத ஒரு எட்டு வயசுப் பொண்ணு துன்னுகினு இருந்தா என்னாங்க ஆவும்?"