மாப்பிள்ளையின் மூக்கு

மாப்பிள்ளை இன்னொரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மேலுதடு சுருளவே இல்லை.

பண்ணை டாக்டர் பேனா மூடியைக் கடித்தார். கொட்டகைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். குப்பியைக் கொண்டுவந்து தட்டில் ஊற்றிய ஆராய்ச்சி மாணவன், தன் செருப்பை அப்போதுதான் முதன்முறையாகச் சந்திப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை என்பது காளையின் பெயர். பண்ணையில் அதற்கு ஒரே உத்தியோகம். பசுவின் மூத்திரத்தை முகர வேண்டும். பசு பருவத்தில் இருந்தால், அந்த வாசனைக்கு மேலுதட்டைச் சுருட்டி, ஈறு தெரிய, வானத்தைப் பார்த்து இளிக்க வேண்டும். இளித்தால் அந்தப் பசுவுக்குச் சினை ஊசி.

சம்பளம் வைக்கோல்.

போன மாதம் பருவத்தில் இருந்த இரண்டு பசுக்களுக்கு இளிக்காமல் விட்டுவிட்டது. மூக்கு போய்விட்டது என்று பேச்சு. அதனால்தான் இந்தப் பரீட்சை. பருவத்தின் உச்சத்தில் இருக்கும் பசு. சளி பிடித்த காளைகூடக் கண்டுபிடித்துவிடும். தேறினால் கொட்டகை. தவறினால் கறிக்கடை லாரி.

லாரி ஏற்கெனவே வாசலில் நின்றது.

“ஐயா, அவன் மூக்குக்கு ஒண்ணும் இல்லைய்யா. நேத்து நான் ஒளிஞ்சு பீடி குடிச்சேன். சட்டைய மோந்துட்டு என் பொண்டாட்டி மாதிரியே பாத்தான்” என்றார் கொட்டகைக்காரர்.

“எத்தன தடவப்பா காட்டுறது? காலையில புடிச்ச சாம்பிள். அதே பசுதானே தம்பி?” என்று டாக்டர் மாணவன் பக்கம் திரும்பினார்.

மாணவன் வாயைத் திறந்தான். அவன் ஆய்வுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் டாக்டர்தான். திறந்த வாயை வீணாக்காமல் ஒரு கொட்டாவி விட்டான். பிறகு தலை ஆடியது. ஆட்டியது அவன்தான்.

டாக்டர் லாரிக்குக் கை காட்டினார்.

கொட்டகைக்காரர் யாரையும் பார்க்காமல் கயிற்றைப் பிடித்து நடந்தார். மாப்பிள்ளை கூடவே போயிற்று. பாதி வழியில் நின்றது. கயிற்றையும் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திரும்பி, தட்டைத் தாண்டி, டாக்டரைத் தாண்டி, நேராக மாணவனிடம் வந்தது. அவன் கால்சட்டையின் ஜிப் பக்கத்தில் ஈர மூக்கை வைத்து நிதானமாக முகர்ந்தது. தட்டைப் பார்த்தது. மறுபடி அவனைப் பார்த்தது.

“பாத்தியா, போறப்ப உங்கிட்ட சொல்லிட்டுப் போறான்” என்று சிரித்தார் டாக்டர்.

அன்று விடியற்காலையில் அந்தப் பசுவின் பின்னால் மாணவன் குப்பியோடு வெகுநேரம் நின்றிருந்தான். தடவிக் கொடுத்தான். கெஞ்சினான். குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் காட்டினான். பசு மனம் இறங்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு அவனுக்குத்தான் முட்டிக்கொண்டு வந்தது.

குப்பி எப்படி நிரம்பியது என்பது பண்ணையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அதில் ஒருவர் லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்.