பன்னிரண்டு சீட்டுகள்

புதிய இசையமைப்பாளர்களுக்கு மேடை கொடுக்கும் அந்தச் சிறிய இசைக்குழுவில் பன்னிரண்டு பேர். வந்த படைப்புகளை வாசித்துப் பார்த்து, ஆளுக்கொரு ரகசியச் சீட்டு போடுவார்கள். வென்ற ஒன்றுதான் மேடையேறும்.

இந்த ஆண்டு இரண்டே படைப்புகள். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் இருந்த மாடி அறையில் ருக்ஸானாவின் படைப்பை வாசித்து முடித்தபோது, வயோலா வாசிக்கும் சந்திரமதிக்குக் கண் கலங்கிவிட்டது. திலீப்பின் படைப்பு பாதியிலேயே நொண்டியது.

“வயசு வரம்பு முப்பத்தஞ்சு. ருக்ஸானாவுக்கு இதான் கடைசி சான்ஸ்லா,” என்றார் செலோ வாசிக்கும் அஹ்சன்.

“கவலைய விடுங்கண்ணே, அவதான் ஜெயிப்பா,” என்று சொல்லிச் சீட்டை மடித்துப் போட்டாள் சந்திரமதி.

சீட்டுகளைப் பிரித்தார்கள். பன்னிரண்டிலும் திலீப்பின் பெயர்.

வெளியே காத்திருந்த இருவரையும் அழைத்துச் சொன்னதும், திலீப் சந்தோஷத்தில் அழுதுகொண்டே வெளியே போய் அம்மாவுக்குப் போன் போட்டான். ருக்ஸானா அவனை வாழ்த்திவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

“மறுபடியும் ஓட்டெடுக்கலாமாண்ணே?” என்றாள் சந்திரமதி.

“அவன் அழுத முகத்தப் பாத்துட்டு எப்படிம்மா?” என்றார் அஹ்சன். “ஒரு ஓட்டுகூட விழலன்னா அந்தப் பையன் மனசு ஒடிஞ்சிருமேன்னு போட்டேன். அவளுக்குப் போடத்தான் நீங்கள்லாம் இருக்கீங்களேன்னு...”

சந்திரமதியும் அதற்காகத்தான் திலீப்புக்குப் போட்டிருந்தாள். மற்ற பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.