கைக்காப்பு

ஊரில் காப்புக் கட்டினால் எல்லை தாண்டக் கூடாது. மெல்பர்னில் கட்டிய காப்புக்கோ உறவு சொல்லக் கூடாதாம். சுற்றுலா விசாவில் வந்தவர் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் பயணி அல்லவாம்; மருத்துவக் காப்பீடு செல்லாதாம். காப்பீட்டு நிறுவனம் ஏகாம்பரத்தின் கையில் மாட்டிவிட்ட மின்னணுக் காப்பு எல்லாப் பேச்சையும் ஒட்டுக்கேட்டது. அதனால் ஐம்பதைத் தாண்டிய மகள் பூங்கொடி, பெற்ற தகப்பனை "சார்" என்றே கூப்பிட்டாள். அது மரியாதையா அவமானமா என்று ஏகாம்பரத்துக்கு விளங்கவே இல்லை.

ஒருநாள் காலையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வந்தது.

"இங்க வாடகைக்கு இருக்கேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். காப்பீடு செல்லும் என்று காப்பில் பச்சை விளக்கு எரிந்தது.

பூங்கொடியும் ஏறப் போனாள். தமிழரான ஓட்டுநர் தடுத்தார்.

"குடும்பத்து ஆள்தான் ஏறலாம். நீங்க இவருக்கு என்ன வேணும்?"

அவள் தடுமாறி, "வீட்டுக்காரம்மா," என்றாள்.

"ஓ, கூட வந்த சம்சாரமா? அப்ப ஏறுங்க."

ஏகாம்பரம் படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்தார். "வாயைக் கழுவுய்யா. அவ நான் பெத்த மக."

பச்சை விளக்கு அணைந்தது.

"அந்த ஒரு வார்த்தைய முழுங்கியிருக்கக் கூடாதாப்பா?" என்று அழுதாள் பூங்கொடி.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"முழுங்கத்தாம்மா பாத்தேன். இறங்கல."