சந்தேகப்பட்ட ஒருவர் வேண்டும்

"என்னைத் திருடன்னு நெனச்சேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

மளிகைக் கடைக்காரர் பதறிப்போய்ப் பூட்டுக்காரரின் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். அவரைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா, தங்கமான மனிதராயிற்றே என்றார். அவருக்குப் பின்னால், கடைக் கதவில் வேறு யாரோ மாட்டிக்கொடுத்த புத்தம்புதுப் பூட்டு பளபளத்தது.

பூட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பூட்டு உடையாமலே திருட்டுப் போக, இவரை விட்டால் யாருக்கு அந்த வித்தை தெரியும் என்று போலீஸ் இவர் கையில் விலங்கு மாட்டித் தெரு நெடுக நடத்திக்கொண்டு போனது. உண்மையான திருடன் அகப்பட்டதும் 'போய்ட்டு வாங்க' என்று அனுப்பிவிட்டது. மன்னிப்பு என்று ஒரு பேச்சு இல்லை.

அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். நல்ல மனுஷன் பேரைக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஒரு நீதிபதி வாய் திறந்து சொல்ல வேண்டும். அது போதும், தெருவில் தலை நிமிர்ந்து நடந்துவிடலாம்.

அங்கேதான் வினையே வந்தது. சாட்சிக்கு வந்த தெருக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு அவரைப் புகழ்ந்து தள்ளினார்கள். ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை என்றால் இவருக்குப் பேர் எங்கே கெட்டது என்று அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அந்தப் புண்ணியவான்களில் ஒருவராவது கைதுக்குப் பிறகு அவர் கடைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க வேண்டுமே. ஆனால் அதை ஒப்புக்கொள்ளத்தான் ஆளில்லை.

மளிகைக் கடையிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். இன்றைக்குத்தான் கடைசி வாய்தா. மனைவி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, அவருடைய வெள்ளைச் சட்டையைக் கொடுத்தாள். பூட்டுக்காரர் வீட்டு பீரோவைப் பூட்டி என்ன பிரயோஜனம் என்று கேலி பேசிக்கொண்டு கைதாவதற்கு முன்பெல்லாம் அந்தச் சாவியை ஆணியிலேயே மாட்டி வைத்திருப்பார்கள். பாவம், எல்லாப் பொறுப்பையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டுவிட்டாள் என்று அவருக்கு மனசு இளகியது.

லாக்கப்பில் அடி விழுந்தபோதுகூட அவரைத் தாங்கியது ஒரு நினைப்புதான். ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், வீட்டில் ஒருத்தி நம்புகிறாள்.

கோர்ட் வராந்தாவில் அவர் தரப்பு வக்கீலம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"கைதுக்கப்புறம் இவரைச் சந்தேகப்பட்டேன்னு யாராவது ஒருத்தர் கூண்டுல ஏறிச் சொல்லணும். இல்லன்னா பேர் கெட்டதுன்னு நாம சொல்றது நிக்காது."

யாருமே வரமாட்டேன் என்கிறார்கள் என்றார் பூட்டுக்காரர். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இனி இந்த ஜென்மத்துக்கும் திருடன் பட்டம்தான்.

"நான் சொல்றேன்" என்றாள் கூடவே வந்திருந்த மனைவி.

வக்கீலம்மா சட்டென்று நிமிர்ந்தார். பூட்டுக்காரர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். பொய் என்றாலே நாக்குக் குழறுகிறவள், அவருக்காக நீதிபதி முன்னால் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்லத் துணிந்துவிட்டாளே. எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. கேஸ் தோத்தாலும் பரவாயில்ல. எனக்காக நீ பொய் சொல்லக் கூடாது."

அவள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த பீரோ சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"பொய் இல்லீங்க."