வாசல் தடுப்பு

"இதை இடிக்கணும்" என்றார் இசக்கிமுத்து.

ஜம்பு கொத்துக்கரண்டியோடு நின்றான். காலையிலிருந்து தாராவியின் இந்தச் சந்தில் வீடுவீடாக வாசல் தடுப்பைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வாசலை மறித்து நிற்கும் குட்டைச்சுவர். வெள்ளச் சீரமைப்பு என்று வீட்டுக்கொரு சிமென்ட் மூட்டை இறக்கியிருந்தார்கள். எதிர்வீட்டில் அரிசி போச்சு. அடுத்த வீட்டில் தையல் மெஷின் மோட்டார் போச்சு. எல்லாரும் இன்னொரு வரி செங்கல் கேட்டார்கள்.

இவர் மட்டும் கடப்பாரையை நீட்டினார்.

"அண்ணாச்சி, கிறுக்கு புடிச்சிட்டா ஒமக்கு? மழ இன்னும் பாக்கி கெடக்கு. மதினியப் பறிகொடுத்தது காணாதா? போன வருசமே இன்னும் ஒசத்தி வச்சிருக்கணும். எம்மேலதான் தப்பு."

"ஒம்மேல என்னடே தப்பு? பேசாம இடி."

"இடிச்சா தெருத்தண்ணி பூரா உள்ள வந்துரும்லா."

"வரட்டும். வந்தா போயிரும்லா."

ஜம்பு முனகிக்கொண்டே கடப்பாரையை வாங்கினான்.

வெள்ளத்தன்று அவன் உல்லாஸ்நகரில் வேலையில் இருந்தான். மதினி பிரபாவதி செத்ததைப் போனில்தான் கேட்டான்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவள். கட்டில் போட இடமில்லாத வீடு. தரையில் பாயில்தான் கிடப்பாள். தடுப்பு முழங்கால் உயரம் இருக்கிறதே என்ற தைரியத்தில், கதவை வெளியே பூட்டிவிட்டு இசக்கிமுத்து செம்பூருக்கு மூட்டை தூக்கப் போனார்.

திரும்பி வந்தபோது சந்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

ஆனால் அவர் வீட்டுத் தடுப்பின்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து வெளியே.

சாக்கடை எதிர்த்து, மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரி வழியாகப் பொங்கியிருக்கிறது. பொங்கிய தண்ணீருக்குப் போக வழியில்லை.

ஜம்பு ஓங்கிக் குத்தினான். முதல் செங்கல் அசையவே நேரம் பிடித்தது. அவ்வளவு நல்ல கலவை.

தண்ணீர் உள்ளேயிருந்து வந்ததை இசக்கிமுத்து அவனிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

மதினிக்கு என்று, கூலி வாங்காமல் இந்தத் தடுப்பைக் கட்டிக்கொடுத்தவன் அவன்.