கூட ஆள் இல்லை

சிவகாசி அரசு மருத்துவமனையின் கர்ப்பிணிகள் பிரிவுப் பரிசோதனை அறையில், சுவரோரக் கட்டிலில் மாயா தாமாங் படுத்திருக்கிறாள். நேபாளத்துக்காரி. இங்கே ஓட்டலில் நூடுல்ஸ் போடும் அவள் கணவன், தகப்பன் இறந்த சேதி கேட்டு ஊருக்குப் போய் எட்டு நாளாகிறது. நேற்று மாலையிலிருந்து வயிற்றில் அசைவில்லை. காலையில் போன தனியார் மருத்துவமனையில், கையெழுத்துப் போட, கூட ஒரு ஆள் வேண்டுமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"கூட யாரும்மா வந்திருக்காக?" என்று நர்ஸ் ஜாஸ்பின் கேட்கிறாள்.

மாயாவுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "பாப்பா... ஆடலே," என்கிறாள்.

ஜாஸ்பின் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, துடிப்புக் கேட்கும் சிறு கருவியை வைக்கிறாள். வெறும் இரைச்சல் வருகிறது. கருவி இடப்பக்கம் நகர்கிறது, கீழே இறங்குகிறது, அங்கேயும் இரைச்சல்தான். மாயா கட்டிலின் இரும்புச் சட்டத்தை எட்டிப் பிடிக்க, கண்ணாடி வளையல்கள் அதில் மெல்ல இடிக்கின்றன. ஜாஸ்பின் கருவியைச் சற்றே சாய்க்கிறாள். தடதடவென்று ஒரு சத்தம் அறையை நிறைக்கிறது.

"கேக்குதா தாயி? உம் பிள்ளதான். நல்லாருக்கு."

மாயா அழுதுகொண்டே பேசத் தொடங்குகிறாள், தன் மொழியில், நிறுத்தாமல். எட்டு நாளாக நேரில் யாரிடமும் பேச வாய்க்காத மொழி. ஜாஸ்பினுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வெளியே வரிசையில் நிற்பவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். "கொஞ்சம் பொறுங்க," என்று குரல் கொடுத்துவிட்டு, கருவியை எடுக்காமல், மாயாவின் முகத்தையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள்.